‘ஆண்டவர்’ என்று நாம் யாரை அழைக்கிறோம்? நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் பிற இடங்களிலும் எங்களுக்கு நேர்ந்தவை

நாகைவாசி

எல்லா மதத்தாரும் ஒரே கடவுளைத்தான் வெவ்வேறு பெயர்களில் வணங்குகிறார்கள் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எங்கள் மாவட்டத்தைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். வடக்கே நாகூர், தெற்கே வேளாங்கண்ணி, மேற்கே சிக்கல் என்று மூன்று தலங்களையும் ஒரே நாளில் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்பும் குடும்பங்களை நான் சிறுவயது முதல் பார்த்துவருகிறேன். எங்கள் குடும்பமும் அப்படிப்பட்டதுதான். ஆனாலும் அந்தத் தலங்களில் எனக்கு நேர்ந்தவற்றை நினைத்துப் பார்க்கும்போது, இளமையில் சொன்னது போல அந்த வாக்கியத்தை இன்று என்னால் எளிதாகச் சொல்ல முடியவில்லை. உங்கள் அனுபவங்களையும் கேட்க விரும்புவதால் இதை எழுதுகிறேன்.

என் தம்பிக்கு நான்கு வயதில் கால் எலும்பில் சீழ் பிடித்து மூன்று மாதங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அம்மா மூன்று இடங்களுக்கும் நேர்ந்துகொண்டார்: சிக்கல் சிங்காரவேலவருக்குப் பால்குடம், வேளாங்கண்ணி மாதாவுக்குத் தம்பியின் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி, நாகூருக்கு மொட்டையும் வெள்ளித் தகட்டில் செய்த ஒரு கால் உருவமும். தம்பி நடக்கத் தொடங்கியதும் மூன்றையும் செலுத்தினோம். நாகூரில் அந்தச் சிறிய வெள்ளிக் காலை வாங்கிக்கொண்ட தர்கா சாகிபு, மயிலிறகுக் கற்றையால் தம்பியின் தலையைத் தடவி, குர்ஆனின் பாத்திஹா அத்தியாயத்தை ஓதி, காகிதப் பொட்டலத்தில் சர்க்கரை கொடுத்தார். அங்கே அடக்கமாகியிருக்கும் இறைநேசரை நினைத்து அம்மா கண்ணீரோடு “நாகூர் ஆண்டவரே” என்று கைகூப்பினார்.

வெளியே பூவும் சர்க்கரையும் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், “உங்க சாமிதான் என் புள்ளையக் காப்பாத்திக் குடுத்தாரு பாய்” என்று அம்மா சொன்னார். அந்தப் பெரியவர் பூக்கட்டும் கையை நிறுத்திவிட்டு மிகவும் மென்மையாக, “அவங்க சாமி இல்லம்மா. அவங்களும் நம்மள மாதிரி அல்லாவோட அடிமைதான். நமக்காக அவன்கிட்ட கேக்குறவங்க, அவ்வளவுதான்” என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. பேருந்தில் பாதி வழி வந்த பிறகுதான், “அப்ப குடுத்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்லாம வந்துட்டேனே” என்றார்.

சில ஆண்டுகள் கழித்து வேளாங்கண்ணியிலும் இதே பாடத்தை வேறு சொற்களில் கேட்டேன். ஆகஸ்டு 29 அன்று கொடியேறி, செப்டம்பர் 8 அன்று மாதாவின் பிறந்தநாளோடு நிறைவடையும் திருவிழாக் காலத்தில், காவி உடுத்தி நடந்தே வருபவர்களில் நம்மவர்கள் ஏராளம். மணலில் முழந்தாளிட்டு நகர்ந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த கன்னியாஸ்திரி ஒருவரிடம், “எங்கள் மாரியம்மாவும் உங்கள் மாதாவும் ஒருவர்தானே, சிஸ்டர்?” என்று உரிமையோடு கேட்டேன். “ஆராதனை கடவுளுக்கு மட்டுமே. மாதாவுக்கு நாங்கள் செலுத்துவது வணக்கம்” என்று அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

பல மதத்தாரும் ஒரே கடவுளை வணங்குகிறார்கள் என்பதற்குச் சான்றாக நாம் காட்டும் இரண்டு இடங்களிலும், அங்குள்ளவர்களைப் பொறுத்தவரை, நாம் கைகூப்பும் அந்த ஒருவர் கடவுளே அல்லர் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அடியாரையும் அன்னையையும் நாம் தெய்வமாகக் கண்டோம். அவர்கள் நம்மைத் தடுக்கவில்லை. தடுக்காததை உடன்பாடு என்று எடுத்துக்கொண்டது என் பிழை. நாகூர் தர்காவின் 131 அடி உயரப் பெரிய மனோரா என்னும் கோபுரத்தைக் கட்டிய தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங்கும் தம் நம்பிக்கையை விட்டுவிட்டு அதைக் கட்டவில்லை.

எங்கள் பக்கத்திலும் ஒரு குழப்பம் உண்டு. எந்தத் தெய்வத்தை ஒருவர் வழிபட்டாலும் அந்தத் தெய்வமாக வந்து அருள்பவன் மாதொரு பாகனே என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. இதைப் பெருந்தன்மை என்றே எண்ணி, உடன் பணியாற்றிய ஒரு முஸ்லிம் நண்பரிடம் பெருமையோடு சொன்னேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, “நான் தொழுவது உங்கள் சிவனைத்தான் என்கிறீர்கள். நீங்கள் கும்பிடுவது என் அல்லாஹ்வைத்தான், அது உங்களுக்குத் தெரியவில்லை என்று நான் சொன்னால் ஏற்றுக்கொள்வீர்களா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறேன்.

நாகூர்க்காரன்

அந்தப் பூக்கடைப் பெரியவரைப் போன்ற பலர் நடுவே வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் ‘நாகூர் ஆண்டவர்’ என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். வாப்பா ‘எஜமான்’ என்பார். உம்மா ‘பாதுஷா நாயகம்’ என்பார். ‘ஆண்டவன்’ என்றால் அது படைத்தவனை மட்டுமே குறிக்கும். தர்காவுக்குப் போவதே கூடாது என்று கருதும் உறவினர்களும் எங்களுக்கு உண்டு. அவர்களும் அல்லாஹ்வின் மீதுள்ள பேணுதலால்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்பதை நான் மறுக்கமாட்டேன்.

உங்கள் நண்பர் கேட்ட கேள்வியின் இரு பக்கங்களும் குர்ஆனிலேயே உள்ளன. 29ஆம் அத்தியாயத்தின் 46ஆம் வசனம், முன்பு வேதம் கொடுக்கப்பட்டவர்களிடம் ‘எங்கள் இறைவனும் உங்கள் இறைவனும் ஒருவனே’ என்று சொல்லும்படி பணிக்கிறது. 109ஆம் அத்தியாயமோ, நீங்கள் வணங்குவதை நான் வணங்கமாட்டேன் என்று தொடங்கி, உங்கள் மார்க்கம் உங்களுக்கு, என் மார்க்கம் எனக்கு என்று முடிகிறது. இரண்டையும் ஓதித்தான் நாங்கள் வாழ்கிறோம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிந்திய நாட்களில், அடையாளம் தெரியாத உடல்களை அடக்கம் செய்யும் வேலையில் நானும் இருந்தேன். இறந்தவருக்காகத் தொழும் ஜனாஸா தொழுகை முஸ்லிமுக்கு உரியது. யார் எந்த மதம் என்று தெரியாத நிலையில், எல்லோரையும் முன்னால் வைத்துத் தொழுதுவிட்டு, அவர்களில் முஸ்லிம்களாக இருப்பவர்களுக்காக என்று மனத்துக்குள் நிய்யத், அதாவது எண்ணம், வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பெரியவர் வழி சொன்னார். அப்படியே வைத்துக்கொண்டேன். முதல் வரிசையில் ஒரு சிறுமி இருந்தாள். ஒரு காலில் மட்டும் கொலுசு கிடந்தது. தொழுது முடித்துத் திரும்பினால், தன் வீட்டாரைத் தேடி வந்திருந்த மீனவர் ஒருவர் அதே வரிசையின் தலைமாட்டில் சூடம் ஏற்றிக்கொண்டிருந்தார். சூடம் அணையாமல் இருக்க நான் கையால் காற்றை மறைத்தேன். அவர் யாரிடம் வேண்டினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் என்னைக் கேட்கவில்லை. அந்தச் சிறுமியை நான் வைத்த நிய்யத்துக்கு வெளியே விட்டுவிட்டேனோ என்ற எண்ணம் மட்டும் இன்றும் தூக்கத்தைக் கெடுக்கிறது.

பாளையங்கோட்டை ஆசிரியை

வேறு மதங்களுக்குப் போகவே வேண்டாம். ஒரே மதத்துக்குள் பெயர் மாறினாலே மனம் படும் பாட்டை நான் என் வீட்டில் கண்டிருக்கிறேன். நான் சி.எஸ்.ஐ. என்னும் புராட்டஸ்டண்டு சபையில் பிறந்து, கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் வேதாகமம் ‘ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்’ என்று தொடங்கும். 1995இல் இரு சபையாருக்கும் பொதுவாக வெளிவந்த மொழிபெயர்ப்பிலோ அந்த இடத்தில் ‘கடவுள்’ இருக்கிறார். என் மாமியார் கோவிலில் எல்லோரோடும் சேர்ந்து ‘தூய மரியே, இறைவனின் தாயே’ என்று சொல்வார். இரவில் தனியே செபமாலை சொல்லும்போது மட்டும், ‘அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே’ என்று பழைய செபத்துக்குப் போய்விடுவார். “புதுச் செபம் காதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கம்மா சாகும்போது கூப்பிட்டது சர்வேசுரனைத்தான்” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

இந்தப் பெயர்களின் வரலாறு கவனிக்கத் தக்கது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு தம் வேதாகம மொழிபெயர்ப்பில் ‘சர்வேசுரன்’ என்று எழுதினார். அவருக்குப் பின் பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்ற சொல்லைத் தேர்ந்தார். எங்கள் ஊரில் ஊழியம் செய்த இரேனியுஸ் ‘தேவன்’ என்றார். இரேனியுஸ் செய்த திருத்தங்களைத் கிறிஸ்தவக் கவிஞரான தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார்; இத்தனை ஆண்டுகள் நாவில் பழகிய வேதத்தின் சொற்களை மாற்றலாமா என்பது அவருடைய வேதனை. ஆனால் இந்தச் சொற்களில் எது கிறிஸ்தவர்கள் புதிதாக ஆக்கியது? ஈசுவரன் என்பதும் பராபரன் என்பதும் தேவன் என்பதும் இந்த மண்ணில் ஏற்கெனவே வழிபாட்டில் இருந்தவை. நாங்கள் உங்கள் சொல்லை வாங்கித்தான் எங்கள் கடவுளை அழைக்கிறோம்.

ஆனாலும் சொல் ஒன்று என்பதால் ஆளும் ஒருவரே என்று நான் சொல்லத் துணியமாட்டேன். சிலுவையில் மரித்தவர் என்பதை விட்டுவிட்டு என் தேவனைப் பற்றி என்னால் ஒரு வாக்கியமும் பேச முடியாது. பக்கத்து வீட்டு அக்காவோ, நெல்லையப்பரைப் பற்றிப் பேசினால் வேணுவனத்தையும் நெல்லுக்கு வேலியிட்ட கதையையும் விட்டுவிட்டுப் பேசமாட்டார். கதைகளைக் கழித்துவிட்டு எஞ்சுவதை ‘ஒன்று’ என்று சொன்னால், எங்கள் இருவருக்குமே தெரிந்தவர் அங்கே இருக்கமாட்டார். நாங்கள் இருவரும் ஒருவருக்காக ஒருவர் வேண்டிக்கொள்கிறோம். என் அறுவை சிகிச்சை நாளில் அவர் நெல்லையப்பர் கோவில் திருநீறு கொண்டுவந்தார். அதை என் வேதாகமத்தின் பக்கங்களுக்கிடையே வைத்தேன், பூசிக்கொள்ளவில்லை. அவர் அதைக் கண்டும் வருந்தவில்லை.

கிள்ளான் வாசகி

பெயர் ஒரு பொருட்டே அல்ல என்று எண்ணுபவர்கள் எங்கள் நாட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். மலேசியாவில் ‘அல்லாஹ்’ என்ற சொல்லைக் கிறிஸ்தவர்கள் பயன்படுத்தலாமா என்பது பல ஆண்டுகள் வழக்காக நடந்தது. கத்தோலிக்க வார இதழான ஹெரால்டு ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு மொழிகளில் வந்தது. சிக்கல் ‘அல்லாஹ்’ என்று எழுதிய மலாய்ப் பக்கங்களில் மட்டுமே எழுந்தது. தமிழ்ப் பக்கங்களில் ‘இறைவன்’ என்று எழுதிய எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. 2009ஆம் ஆண்டின் கடைசி நாளில் உயர் நீதிமன்றம் இதழுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சில நாட்களில் தேவாலயங்கள் தாக்கப்பட்டன. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் மேற்கொண்டு முறையிட அனுமதி மறுத்தது.

தேவாலயங்கள் தாக்கப்பட்ட அந்த 2010 ஜனவரியில், எங்கள் கோவிலுக்கு வரும் சரவாக் மாநிலத்துப் பெண் ஒருவர், திருப்பலி முடிந்தும் எழுந்திருக்காமல் அழுதார். “இந்தச் சொல்லை எடுத்துவிட்டால் நான் எந்தப் பெயரைச் சொல்லி வேண்டுவேன்? என் பாட்டி எனக்குக் கற்றுக்கொடுத்தது இது ஒன்றுதானே” என்றார். மத்தேயு நற்செய்தி மலாய் மொழியில் அச்சான 1629ஆம் ஆண்டிலேயே அதில் ‘அல்லாஹ்’ இருந்தது. அரபு பேசும் கிறிஸ்தவர்களுக்கும் இறைவனைக் குறிக்கும் சொல் அதுதான். சீக்கியர்களின் திருநூலிலும் அது வருகிறது.

அன்று மாலை எங்கள் பக்கத்து வீட்டு மலாய் அம்மையார், எனக்குத் தாயைப் போன்றவர், கோவில் எரிந்த செய்தியைக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அவர் செய்யாத தவறுக்காகக் கேட்டார். பிறகு நேர்மையாக இன்னொன்றையும் சொன்னார்: “மகன் இல்லாதவன் என்று என் பேரனுக்கு ஒரு பெயரைச் சொல்லிக்கொடுக்கிறேன். அதே பெயரில் மகனை உடைய ஒருவரை நீங்கள் அழைத்தால் அவன் குழம்பமாட்டானா?” அவருடைய அச்சத்தை நான் புரிந்துகொண்டேன். ஆனால் ஒருவரின் அச்சத்துக்காக இன்னொருவரின் பாட்டி கற்றுக்கொடுத்த சொல்லைச் சட்டம் பறிக்கக் கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. 2008இல் விமான நிலையத்தில், ‘அல்லாஹ்’ என்ற சொல் இருந்த எட்டுக் கிறிஸ்தவக் குறுந்தகடுகள் பறிமுதல் செய்யப்பட்ட, சரவாக்கைச் சேர்ந்த ஜில் அயர்லாந்து என்ற பெண்ணுக்கு, 2021 மார்ச்சில்தான் உயர் நீதிமன்றத்தில் நீதி கிடைத்தது. அந்தச் செய்தி வந்த அன்று முதலில் என் நினைவுக்கு வந்தவர், அழுதுகொண்டிருந்த அந்தப் பெண்தான்.

நாகைவாசி

மூவருக்கும் என் நன்றி. நாகூர்க்காரர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்த நாட்களில் எங்கள் தெருவிலிருந்தும் பிள்ளைகள் போனார்கள்; அவர்களில் யாருக்காவது அவர் நின்று தொழுதிருந்தால், அவர் வைத்த நிய்யத் எதுவானாலும் அந்தப் பெற்றோர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள்.

அம்மா பிறகு என்ன செய்தார் என்பதை எழுத மறந்துவிட்டேன். நாகூர் தர்காவின் ஆண்டு விழாவான அடுத்த கந்தூரிக்குப் போனபோது அந்தப் பூக்கடைப் பெரியவரைத் தேடிப் பிடித்து, கொடுத்தவனுக்கு என்ன செலுத்த வேண்டும் என்று கேட்டார். “அவனுக்குத் தகடும் வேணாம் முடியும் வேணாம்மா, நன்றி சொன்னா போதும்” என்று அவர் சொல்லியிருக்கிறார். அம்மா கடைசிவரை சிக்கல் வேலவருக்குத்தான் விளக்கேற்றினார். கார்த்திகை விரதத்தையும் விடவில்லை. ஆனால் ஒவ்வொரு மாலையும் படத்தின் முன் கும்பிட்டு முடித்தபின், படம் எதுவும் மாட்டியிராத பக்கத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பி, கை கூப்பாமல், பெயர் ஒன்றும் சொல்லாமல், சிறிது நேரம் நின்றுவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவார்.