அப்பாவின் காலை எடுக்கணும் என்கிறார்கள், இந்த ஜீன் ஊசி உண்மையா?

பாலக்கோட்டான்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயது, ரொம்ப வருடமாகச் சுகர், பீடி அதைவிடப் பழைய பழக்கம். தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறார். போன வருடமே மண்டியில் இருந்து பஸ் ஸ்டாண்ட் வருவதற்குள் நடுவில் நின்று கெண்டைக்காலைப் பிடித்து விட்டுக்கொண்டுதான் மறுபடி நடப்பார், கேட்டால் வாதம் என்பார். இப்போது இடது கால் கட்டைவிரல் நுனி கறுத்துவிட்டது, ராத்திரி படுத்தால் வலி தாங்காமல் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குகிறார். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டாப்ளர் ஸ்கேன் மட்டும் எடுத்துவிட்டு, முட்டிக்குக் கீழே ரத்த ஓட்டம் ரொம்பக் குறைவு, பைபாஸுக்கு வழி இல்லை, காலை எடுப்பதுதான் நல்லது என்று சொல்லிவிட்டார்கள்.

இதற்கு நடுவில் மச்சான் ஒரு வீடியோ அனுப்பினார். மரபணுவை ஊசியாகக் காலில் போட்டால் புது ரத்தக்குழாய் முளைக்குமாம், ஜப்பானில் வந்துவிட்டதாம். அந்த வீடியோவில் இருந்த நம்பருக்குப் பேசினால் பல லட்சம் சொல்கிறார்கள், முதலில் அட்வான்ஸ் கட்டச் சொல்கிறார்கள். கொல்லையை அடமானம் வைத்தால் பணம் புரட்டிவிடலாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வைக்கலாமா?

ஓசூர் லேப்:
தம்பி, அடமானம் வைக்க வேண்டாம், அட்வான்ஸும் கட்ட வேண்டாம். நான் டாக்டர் இல்லை, பெங்களூரில் உயிரித் தொழில்நுட்ப வேலை, அதனால் இந்த ஊசியின் கதை கொஞ்சம் தெரியும்.

வீடியோவில் சொன்னது முழுப் பொய் இல்லை, அதனால்தான் ஆபத்து. ரத்தக்குழாய் வளரச் சொல்லும் புரதங்கள் நம் உடம்பிலேயே உண்டு, விஇஜிஎஃப், எஃப்ஜிஎஃப், ஹெச்ஜிஎஃப் என்று பெயர். அந்தப் புரதத்துக்கான மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற வட்டமான டிஎன்ஏ துண்டில் வைத்துக் கெண்டைத் தசையில் பல இடங்களில் ஊசியாகப் போடுவார்கள். தசை செல்கள் அதை வாங்கிக்கொண்டு சில வாரம் அந்தப் புரதத்தைச் சுரக்கும், பக்கத்தில் புதுக் குழாய்கள் கிளைக்கும், இதுதான் எண்ணம். பாஸ்டனில் ஜெஃப்ரி இஸ்னர் என்ற டாக்டர் 1990களிலேயே நோயாளிகளுக்குப் போட ஆரம்பித்துவிட்டார், ஆக இது நேற்று வந்த விஷயம் இல்லை.

சிக்கல் எங்கே என்றால், சின்ன ஆய்வுகளில் நன்றாகத் தெரிந்தது பெரிய ஆய்வில் நிற்கவில்லை. எஃப்ஜிஎஃப் மரபணு ஊசியை முதலில் நூற்றுச் சொச்சம் பேருக்குப் போட்டுப் பார்த்தபோது கால் எடுப்பது குறைந்தது போலத் தெரிந்தது. அதையே 30 நாடுகளில் 525 பேரை வைத்து, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் ஊசி என்று சோதித்து 2011ல் வெளியிட்டார்கள், டமாரிஸ் என்று அந்த ஆய்வுக்குப் பெயர். ஒரு வருடத்தில் கால் போனவர்கள் அல்லது இறந்தவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். வித்தியாசமே இல்லை!

ஜப்பான் விஷயத்துக்கு வருகிறேன். ஆன்ஜெஸ் நிறுவனத்தின் ஹெச்ஜிஎஃப் ஊசிக்கு, கொல்லாடெஜீன் என்று பெயர், 2019ல் அங்கே அனுமதி கிடைத்தது உண்மை. ஆனால் அது நிபந்தனையோடு கொடுத்த தற்காலிக அனுமதி, விற்றுக்கொண்டே இன்னும் ஆதாரம் காட்டு என்ற கணக்கு. அந்த ஆதாரம் சரியாக வரவில்லை, முழு அனுமதி கேட்டுப் போட்ட விண்ணப்பத்தை 2024ல் நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது. வீடியோ போடுகிறவர் 2019ஓடு கதையை நிறுத்திவிடுகிறார். ரஷ்யாவில் 2011ல் ஒரு விஇஜிஎஃப் ஊசிக்கு அனுமதி கொடுத்தார்கள், அதைப் பார்த்து மற்ற நாடுகள் வரிசையில் வந்து வாங்கவில்லை.

ஏன் பலிக்கவில்லை என்பதற்கு ஒரு காரணம் எனக்கு நியாயமாகப் படுகிறது. ஊசியால் முளைப்பது பெரும்பாலும் முடி போன்ற நுண்குழாய்கள். மேலே பெரிய குழாய் அடைத்துக் கிடக்கும்போது அடியில் நுண்குழாய் எத்தனை முளைத்தாலும் பயன் குறைவு, ஏரியில் இருந்து வரும் மெயின் வாய்க்கால் தூர்ந்து கிடக்க, வயலுக்குள் வரப்போரம் மட்டும் வாய்க்கால் வெட்டுவது மாதிரி. தசைக்குள் போட்ட பிளாஸ்மிட்டில் ரொம்பக் கொஞ்சம்தான் செல்லுக்குள் போகிறது என்பதும் உண்டு.

ஊத்தங்கரை டிவிஎஸ்:
எனக்கு வலது கால் முட்டிக்குக் கீழே எடுத்தாகிவிட்டது. செயற்கைக் கால் போட்டுக்கொண்டு டிவிஎஸ் ஓட்டுகிறேன், மாந்தோப்புக்குத் தண்ணி கட்டுகிறேன். கால் போனால் எல்லாம் போச்சு என்று யாராவது பேசினால் கோபம் வரும். ஆனால் முட்டி இருப்பதும் இல்லாததும் ராத்திரிக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம். என்னோடு வார்டில் கிடந்த ஒருவர் நாட்டு மருந்து, எண்ணெய்க்கட்டு என்று சுற்றிவிட்டு வந்தார், சீழ் மேலே ஏறித் தொடையில் எடுத்தார்கள். அப்பாவுக்கு எடுக்க வேண்டுமா வேண்டாமா என்று எனக்குத் தெரியாது, இழுத்தடிக்காதீர்கள் என்பது மட்டும் தெரியும்.

அரூர் சிஸ்டர்:
சென்னையில் ரத்தக்குழாய் வார்டில் வேலை பார்த்திருக்கிறேன். பாலக்கோடு தம்பி, நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது ஊசி இல்லை. டாப்ளர் மட்டும் பார்த்துவிட்டு பைபாஸுக்கு வழி இல்லை என்று சொன்னார்கள் என்கிறீர்களே, அதுதான். குழாய்க்குள் சாயம் ஏற்றிப் படம் எடுக்கும் ஆஞ்சியோகிராம் எடுத்தார்களா? எடுத்திருந்தால் பாதம் வரைக்கும் குழாய்கள் தெரிகிற மாதிரி எடுத்தார்களா? சொன்னவர் ரத்தக்குழாய்க்கென்றே உள்ள வாஸ்குலர் சர்ஜனா, பொது சர்ஜனா? சுகர்காரர்களுக்கு அடைப்பு பெரும்பாலும் முட்டிக்குக் கீழேதான் இருக்கும், அங்கேயும் மெல்லிய பலூன் விட்டுத் திறக்கிறார்கள், அவர் காலிலிருந்தே ஒரு ரத்தக்குழாயை எடுத்துப் பாதம் வரை பைபாஸ் போடுகிறார்கள். எல்லோருக்கும் முடியாது. முடியாது என்பதைப் படம் பார்த்து ஒரு வாஸ்குலர் சர்ஜன் சொல்ல வேண்டும்.

கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு கூடுதலாக இருக்கிறது என்று சாயம் ஏற்றப் பயந்திருக்கலாம். கிட்னிக்கு ஆகாது என்றால் கார்பன் டை ஆக்சைடு வைத்து எடுக்கும் முறையும் இருக்கிறது, கேளுங்கள். கணுக்காலிலும் கையிலும் பிரஷர் பார்த்து ஒரு விகிதம் சொல்வார்கள், 0.9க்குக் கீழே போனால் அடைப்பு என்று அர்த்தம். ஆனால் சுகரில் குழாய் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிட்டால் அந்த எண் பொய்யாக நன்றாகக் காட்டும், 1.4க்கு மேலே கூடப் போகும், அதை நார்மல் என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது விரலில் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள், அது 30க்குக் கீழே என்றால் அவசரம்.

வீட்டில் காலுக்கு வெந்நீர் ஒத்தடம், ஹீட்டிங் பேட் கூடவே கூடாது, உணர்ச்சி இல்லாத கால் வெந்துபோகும். தலையணை வைத்துக் காலைத் தூக்கி வைக்காதீர்கள், தொங்கப் போட்டால் வலி குறைவது ரத்தம் கீழே இறங்குவதால்தான். கறுத்த விரல் காய்ந்து கிடந்தால் வெட்டாமல் கொள்ளாமல் அப்படியே விடுங்கள். ஈரமாகி, நாற்றம் வந்து, சிவப்பு மேலே ஏறி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, காலை வரை காத்திருக்க வேண்டாம்.

பீடியை நிறுத்தினாரா? நீங்கள் எழுதவில்லை.

பர்கூர் பையன்:
நடுவில் கேட்கிறேன், மன்னிக்கவும். அண்ணனுக்கு 34 வயதுதான், சுகர் கிடையாது, பீடி உண்டு, புகையிலையால் கை கால் ரத்தக்குழாய் அடைக்கும் பர்ஜர் நோய் என்று வேலூரில் சொன்னார்கள். ஸ்டெம் செல் ஊசி பெங்களூரிலேயே செய்கிறார்கள் என்கிறார்களே, அதுவும் இதே ஏமாற்றா?

ஓசூர் லேப்:
பர்கூர் தம்பி, அது வேறு. ஸ்டெம்பியூசெல் என்பது பெங்களூரு ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனத்துடையது, மரபணு ஊசி இல்லை, தானம் கொடுத்தவர்களின் எலும்பு மஜ்ஜையில் இருந்து வளர்த்த செல்கள். பர்ஜர் நோயில் கால் போகும் நிலையில் இருப்பவர்களுக்காக 2016ல் வரம்போடும், பிறகு 2020ல் விரிவாகவும் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டாளர் அனுமதி கொடுத்திருக்கிறார். எனவே வேலூரிலேயே அண்ணனுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம், கேட்பதில் தப்பில்லை. அனுமதி இருக்கிறது என்பதாலேயே கால் கட்டாயம் பிழைக்கும் என்று அர்த்தம் இல்லை. அதன் பெயரைச் சொல்லி யாரோ அவர்கள் சொந்தமாகக் கலக்கிப் போடும் ‘ஸ்டெம் செல்’ வேறு கதை, அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பர்ஜரில் புகையிலையை முழுசாக விட்டவர்களுக்குக் கால் பெரும்பாலும் தப்பிக்கிறது, விடாதவர்களுக்கு விரல் விரலாகப் போகிறது. ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று, பீடிக்குப் பதில் ஹான்ஸ் என்ற சமாதானம் எல்லாம் அங்கே செல்லாது.

அப்புறம் பொதுவாக ஒன்று. உண்மையான மருத்துவ ஆய்வில் சேர்ப்பதாக இருந்தால் சோதனை மருந்துக்கு உங்களிடம் காசு வாங்க மாட்டார்கள், சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் அந்த ஆய்வு இருக்கும், எண்ணைக் கேளுங்கள். லட்சங்களை அட்வான்ஸாகக் கேட்டுவிட்டு எண் சொல்லாதவன் ஆய்வு செய்யவில்லை, வியாபாரம் செய்கிறான்.

பாலக்கோட்டான்:
ரொம்ப நன்றி. ஆஞ்சியோகிராம் எடுக்கவே இல்லை சிஸ்டர், கிரியேட்டினின் 1.6 என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. பீடி குறைத்திருக்கிறார், விடவில்லை, இன்றைக்கு அம்மா சண்டை போட்டுக் கட்டைப் பிடுங்கி வைத்திருக்கிறார். அந்த நம்பரில் பதிவு எண் கேட்டேன், போனை வைத்துவிட்டார்கள். காப்பீட்டு அட்டையில் இதெல்லாம் வருமா? தருமபுரியா, சேலமா, நேராகச் சென்னையா?

அரூர் சிஸ்டர்:
முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லை என்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார். எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்பதை அந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் காப்பீட்டு மேசையில் கேட்டுக்கொள்ளலாம்.

நாளைக்குத் தருமபுரி மெடிக்கல் காலேஜில் காட்டி, வாஸ்குலர் சர்ஜனுக்கு ரெஃபர் பண்ணிக் கொடுங்கள் என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள். சேலத்தில் கிடைத்தால் சேலம், இல்லை என்றால் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. டாப்ளர் ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு, கிரியேட்டினின் எல்லாம் ஒரே பையில். சாப்பிடும் மாத்திரையில் ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், இல்லை என்றால் அதையும் டாக்டரிடம் கேளுங்கள். விரல் ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா?

பாலக்கோட்டான்:
காய்ந்துதான் இருக்கிறது சிஸ்டர். ஆஸ்பிரின் இருக்கிறது, கொழுப்பு மாத்திரை இல்லை. காலையில் முதல் பஸ்ஸில் கிளம்புகிறோம்.