அப்டேட்: தாடை லாக் ஆச்சுன்னு கேட்டிருந்தேனே, அது என்னாச்சுன்னா

மூணு மாசம் முன்னாடி கேட்டிருந்தேன்ல, வருஷக்கணக்கா காதுகிட்ட டக்குன்னு சத்தம் போட்டுட்டிருந்த தாடை திடீர்னு ஒரு நாள் காலைல ரெண்டு விரலுக்கு மேல திறக்கல, ஆபரேஷன்தானான்னு. அதுக்கு வரல, ரெண்டு ஊசியோட முடிஞ்சுது.

வாய மூடி ஒரு தடவ, திறந்து ஒரு தடவன்னு எம்ஆர்ஐ எடுத்தாங்க. தாடை மூட்டுக்குள்ள மெத்தை மாதிரி இருக்குற டிஸ்க் முன்னாடி நழுவிப் போய், வாயத் திறந்தாலும் திரும்பி வரல. வாயத் திறக்கும்போது வந்த டக்கு சத்தமே டிஸ்க் எடத்துல திரும்ப ஏறி உக்கார்றதாம், அதான் லாக் ஆனதும் சத்தமும் நின்னு போச்சு. (நான் வேற சத்தம் போச்சேன்னு சந்தோஷப்பட்டேன், பல்லு விளக்கப் போற வரைக்கும்.)

ரெண்டு மாசம் மாத்திரை, பல்லு மேல மாட்டுற ஸ்ப்ளின்ட், பயிற்சின்னு ஓடுச்சு, பெருசா அசையல. அப்புறம் ஆர்த்ரோசென்டெசிஸ். மரத்துப்போக வச்சு, மூட்டோட மேல் அறைக்குள்ள ரெண்டு ஊசி, ஒண்ணுல சலைன் உள்ள போகுது, இன்னொண்ணுல வெளிய வருது, அவ்ளோதான். 1991ல நிட்சான்ங்கற டாக்டரும் கூட ரெண்டு பேரும் எழுதுன பேப்பர்ல வந்த முறை. 26 மில்லிமீட்டர் திறந்தது இப்ப 39.

டிஸ்க் இன்னும் எடத்துக்கு வரலங்கறதுதான் வேடிக்கை. வராமயே வாய் திறக்கலாமாம்.

பல்ல ராவிக் கடிய (மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேர்ற விதத்த) சரி பண்ணுன்னு அப்போ சொன்னவங்களுக்கு: டாக்டர்கிட்ட கேட்டேன், ராவுனா திரும்ப வராது, தொடாதன்னுட்டாங்க. பயிற்சி இன்னும் தினமும் நடக்குது, கொட்டாவி வந்தா மட்டும் கை தானா தாடைக்குக் கீழ போயிடுது.