வயது வந்த பிறகு வந்த மீன் செதில் தோல்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

வைகைக்கரை:
பிறவியிலேயே செதிலோடு இருப்பவர்களின் கதை வேறு. நான் கேட்பது, என்னைப் போல நாற்பதைத் தாண்டிய பிறகு திடீரெனக் கண்டவர்களை. சீட்டில் ‘அக்வயர்ட் இக்தியோசிஸ்’ என்று எழுதித் தருவார்களே, அதுதான். எங்கள் குடும்பத்தில் அப்பா, தாத்தா, அத்தை யாருக்கும் கிடையாது. எனக்கு 46 வயதில் வந்தது.

எல்லாம் முடிந்து மூன்று வருடம் ஆகியும் மனத்தை விட்டுப் போகாதது அந்தச் செருப்புக்கடைதான். ஷூ வாங்கப் போயிருந்தேன். கடைப் பையன் குட்டை முக்காலியில் உட்கார்ந்து, என் காலைத் தன் முட்டிமேல் வைத்துக் காலுறையை உருவினான். கறுப்புக் காலுறை. உள்ளிருந்து உமி கொட்டுவது போலக் கொட்டியது. அவன் பேண்ட் மேலும் விழுந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை, தோளில் கிடந்த துணியால் தட்டிவிட்டுக்கொண்டான். அடுத்த ஜோடியை எடுத்து வந்தபோது என் கையில் கொடுத்து, “நீங்களே போட்டுப் பாருங்கள் சார்” என்றான். அவ்வளவுதான். வாங்காமலே வந்துவிட்டேன்.

மறுநாளே தோல் மருத்துவரிடம் போனேன். அவர் காலைப் பார்த்தது அரை நிமிடம். முழங்கால் மடிப்பிலும் முழங்கை மடிப்பிலும் செதிலே இல்லை என்பதை மட்டும் கவனித்துக் குறித்துக்கொண்டார். பிறகு எனக்குப் பின்னால் வந்து நின்று கழுத்து, அக்குள் என்று விரலால் தடவத் தொடங்கினார். கால் வைத்தியத்துக்கு வந்தவனின் கழுத்தை எதற்குப் பிடிக்கிறார் என்று எனக்கு எரிச்சல். இடப்பக்கக் கழுத்தெலும்புக்கு மேலே விரல் நின்றுவிட்டது. ரப்பர் போல ஒரு நெறிக்கட்டி, வலியே இல்லை. “இரவில் வியர்க்கிறதா?” என்றார். பனியன் பிழிகிற அளவுக்கு வியர்த்துக்கொண்டுதான் இருந்தது. நான் அதை மே மாதத்தின் கணக்கில் எழுதியிருந்தேன்.

கட்டியை எடுத்துச் சோதித்ததில் ஹாட்ஜ்கின் லிம்போமா, நிணநீர் மண்டலத்தில் வரும் ஒரு புற்றுநோய். பதினைந்து நாளைக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். தலைமுடி கொட்டியது, கூடவே காலின் செதிலும் கொட்டியது. உள்ளே இருந்தது அடங்கியதும் தோலும் அடங்கிவிட்டது. இப்போதும் குளித்ததும் முதலில் கெண்டைக்காலைத்தான் பார்க்கிறேன்.

தாழம்பூ:
அண்ணா, உங்கள் அளவுக்குப் பெரிய விஷயமில்லை எனக்கு, தைராய்டுதான். ஆனால் படுக்கை விரிப்பை உதறும்போது மாமியார் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. மாடியில் காலை வெயில். உதறியதும் வெள்ளையாகப் பறந்தது. “தினமும் குளிக்கிறாயா, இல்லையா?” என்று கேட்டார். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டவர்களுக்கும் கேட்டிருக்கும். இரண்டு வேளை குளித்துக்கொண்டிருந்தேன், அதுவும் சுடுநீரில். காய்ந்தது அதனாலும்தான் என்று பிறகு தெரிந்தது. மாத்திரை தொடங்கி நாலைந்து மாதத்தில் தோல் பழையபடி ஆனது. மாமியார் அதைப்பற்றி மறுபடி பேசவே இல்லை.

பழைய தபால்காரர்:
இப்படி எழுதி எழுதித்தான் மக்களைப் பயமுறுத்துகிறீர்கள். பனிக்காலத்தில் யாருக்குத்தான் கால் வெளுத்துக் கோடு விழாமல் இருக்கிறது? எனக்கும் இரண்டு வருடமாக முழங்காலுக்குக் கீழே வயல் வெடித்த மாதிரிதான் இருக்கிறது. பேரன் அதன்மேல் நகத்தால் தன் பெயரை எழுதிப் பார்ப்பான், தெளிவாக விழும். அதற்காக நான் ஸ்கேன் எடுக்க ஓடவில்லை.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். சோப்பை நிறுத்துங்கள். சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் தேய்த்து அரை மணி நேரம் ஊறிப் பயத்தமாவு போட்டுக் குளியுங்கள். இரவில் தேங்காய் எண்ணெய், அதிலும் செக்கில் ஆட்டியது. பாதத்துக்கு விளக்கெண்ணெய். பாட்டில் எண்ணெயை நம்பாதீர்கள். மத்தியானம் மோர். குளிர்சாதன அறையில் நாள் முழுக்க உட்கார்ந்துகொண்டு தோல் காய்கிறது என்று புலம்புவதில் அர்த்தமில்லை. எங்கள் காலத்தில் சைக்கிளில் நாற்பது கிலோமீட்டர் வெயிலில் சுற்றினோம், வியர்வையே எண்ணெய். இதையெல்லாம் ஆறு மாதம் செய்துவிட்டுப் பிறகு மருத்துவரிடம் போங்கள்.

வெள்ளைப்புடவை (செவிலியர், பணி ஓய்வு):
தபால்கார ஐயா, எண்ணெயில் எனக்குச் சண்டை இல்லை. குளித்து ஈரம் காயுமுன் தேய்த்தால் நல்லதுதான், வெறும் வாஸ்லினும் அதே வேலையைச் செய்யும், யூரியா கலந்த களிம்பு இன்னும் நன்றாகச் செய்யும். “ஆறு மாதம் பொறுங்கள்” என்றீர்களே, சண்டை அதில்தான். முதுமையில் தோல் வறளுவது வேறு. நடுவயதில், காரணமில்லாமல், ஓரம் தூக்கிய செதிலாக வந்தால் உள்ளே எதையோ தேடச் சொல்கிறது என்று பொருள். ரத்தப் பரிசோதனை, தைராய்டு, மார்பு எக்ஸ்ரே, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், இவற்றைப் பார்த்துவிட்டு எண்ணெய் தேயுங்கள். எச்.ஐ.வி., சிறுநீரகக் கோளாறு, சத்துக்குறைவு எதுவும் இருக்கலாம். இன்னொன்று: செதிலைக் கரைக்கும் சாலிசிலிக் அமிலக் களிம்பை உடம்பு முழுக்கப் பூசாதீர்கள். ரத்தத்தில் ஏறிவிடும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆபத்து.

எனக்கும் ஒன்று உறுத்திக்கொண்டிருக்கிறது. தொழுநோய்ப் பிரிவில் இருந்தபோது ஒரு பெரியவர் வந்தார். கூட்டு மருந்துச் சிகிச்சை, 12 மாதம். அதில் குளோஃபாசிமின் என்ற மாத்திரை உண்டு. அது தோலைச் செம்பழுப்பாகக் கறுக்கவைக்கும், காலில் மீன் செதில் போல வறளவும் வைக்கும். வேலை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஐந்தாம் மாதம் செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலத்தை மேசைமேல் பிரித்து வைத்தார். காலிலிருந்து உரிந்த செதில்கள், ஒரு கைப்பிடி இருக்கும். “நோய் வெளியே வருகிறதா தாயி, இல்லை உள்ளே போகிறதா?” என்றார். ஊரில் நிறத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டதால் இரண்டு மாதமாக மாத்திரையை நிறுத்தியிருந்தார். மருந்தின் வேலைதான், நிறுத்திய பிறகு மெல்ல மெல்ல நிறம் திரும்பும் என்று முதல் நாளே இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். பொட்டலத்தை நான் குப்பையில் போடப் போனேன், கையிலிருந்து வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

தாழம்பூ:
அம்மா, கொழுப்பு மாத்திரையாலும் வருமா? என் கணவர் சாப்பிடுகிறார்.

வெள்ளைப்புடவை:
அரிதாக வந்ததாகப் பதிவுகள் உண்டு. தானாக நிறுத்த வேண்டாம், எழுதிக் கொடுத்தவரிடம் காலைக் காட்டச் சொல்லுங்கள்.

பழைய தபால்காரர்:
கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். எதுவும் தட்டுப்படவில்லை. அக்குளில் சரியாகத் தெரியவில்லை. வியாழக்கிழமை மகன் வருகிறான், கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன். செக்கெண்ணெய் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.