ரிசார்ட்டுக்கும் டூரிங்குக்கும் ஒரே ஹார்ட் ஷெல்: பெண்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கேள்வி

வணக்கம். சூரிச்சில் இருக்கிறேன். வார இறுதியில் ஆண்டர்மாட்டில் லிஃப்ட் ஏறி ஸ்கீயிங். இந்த சீசனிலிருந்து மாதத்துக்கு இரண்டு நாள் டூரிங்கும் சேர்கிறது: ஸ்கீயின் அடியில் வழுக்காத பட்டை (ஸ்கின்) ஒட்டி, லிஃப்ட் இல்லாமல் ஏறுவது. கையில் இருப்பது உள்ளே பஞ்சு வைத்த ரிசார்ட் ஜாக்கெட். மலை ஏற ஆரம்பித்த அரை மணியில் வியர்வையில் தொப்பலாகிவிடுகிறது. இரண்டு ஜாக்கெட் வாங்க வசதியில்லை. பஞ்சு இல்லாமல் நீரையும் காற்றையும் தடுக்கும் மேல் ஜாக்கெட், அதாவது ஹார்ட் ஷெல், ஒன்றுதான். உயரம் 158 செ.மீ., தோள் குறுகல், இடுப்பு அகலம். பெண்கள் மாடலில் ஸ்மால் போட்டால் இடுப்பில் பிடிக்கிறது, மீடியம் போட்டால் கை தொங்குகிறது. கடையில் 20,000, 28,000 என்று எண்களாகச் சொல்கிறார்கள். அதை வைத்து முடிவு செய்யலாமா?

பதில் 1

அந்த எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதல் எண் நீர் அழுத்தம். 20,000 மி.மீ. என்றால் துணி 20 மீட்டர் உயர நீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்று பொருள். ஈரமான லிஃப்ட் இருக்கை, பையின் தோள்பட்டி அழுத்தும் இடம், பனியில் விழுந்து எழுவது எல்லாவற்றுக்கும் அதுவே தாராளம். அதற்கு மேல் காசு கொடுப்பதில் பயன் இல்லை.

இரண்டாவது எண் ஆவி வெளியேறும் அளவு: ஒரு சதுர மீட்டர் துணியில் 24 மணி நேரத்தில் இத்தனை கிராம். 20,000 என்றால் மணிக்குச் சுமார் 830 கிராம். காகிதத்தில் போதும் போலத்தான் தெரியும். ஆனால் முதுகில் பை ஒட்டிக்கிடக்கும் இடத்தில் ஆவி எங்கே போகும்? வெளித்துணி ஈரம் குடித்துவிட்டால் மற்ற இடத்திலும் அதே கதை. தவிர, இதை அளக்கப் பல சோதனை முறைகள் இருக்கின்றன. ஒரே துணிக்கு முறைக்கு ஒரு எண் வரும். அதனால் இரண்டு கம்பெனிகளின் எண்களை ஒப்பிடவே முடியாது. ஆர்.ஈ.டி. மதிப்பு (ஆவி வெளியேறத் துணி காட்டும் எதிர்ப்பு) கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள். அது குறையக் குறைய நல்லது, 6-க்குக் கீழே இருந்தால் மிக நல்லது.

எந்த மெம்பரேனும் (நீரைத் தடுத்து ஆவியை விடும் உள்படலம்) ஏறும்போது வரும் வியர்வைக்கு ஈடு கொடுக்காது. அக்குள் ஜிப்தான் கொடுக்கும். முழங்கைக்குச் சற்று மேலே தொடங்கி விலாவின் பாதி வரை நீள வேண்டும், மேலிருந்தும் கீழிருந்தும் திறக்க இரண்டு ஓட்டம் வேண்டும், உள்ளே வலை இருக்கக் கூடாது. பையை மாட்டிக்கொண்டு, கையுறையோடு, ஒரு கையால் திறந்து பாருங்கள். திறக்கவில்லையென்றால் மலையிலும் திறக்காது.

காற்றும் பனியும் இல்லாத நாளில் ஷெல் பைக்குள்தான் இருக்கும். ஏறுவது உள்சட்டையும் மெல்லிய காற்றுத்தடுப்பு ஜாக்கெட்டும் போட்டு. அதனால் எடை முக்கியம்: 450 முதல் 600 கிராம் வரை சரி. அதற்கும் மிகக் குறைவாகப் போனால் 20, 30 டினியர் (நூலின் தடிமன் அளவு) மெல்லிய துணியாகிவிடும். ஸ்கீயைத் தோளில் சாய்த்துத் தூக்கும்போது அதன் இரும்பு விளிம்பு அதைக் கிழித்துவிடும். உடம்பில் 40 டினியராவது, தோளிலும் முன்கையிலும் 70-80 இருந்தால் பல வருடம் வரும். வெளித்துணி, மெம்பரேன், உள்துணி மூன்றும் ஒன்றாக ஒட்டிய 3 லேயர் மட்டும் பாருங்கள். உள்துணிக்குப் பதில் மெல்லிய பூச்சு மட்டும் உள்ள 2.5 லேயர் வியர்த்தால் தோலில் ஒட்டும். 2 லேயரில் தனி உள்துணி தொங்கும், கனம்.

லிஃப்ட் நாளில் குளிருமே என்று பயப்பட வேண்டாம். ஆண்டர்மாட்டின் கெம்ஸ்டாக் உச்சி 2,961 மீட்டர், காற்று வாட்டும். ஷெல்லுக்கு உள்ளே மெல்லிய ஃப்ளீஸும் ஒரு செயற்கைப் பஞ்சு ஜாக்கெட்டும் போட்டால் போதும்.

பதில் 2

தோழி, அளவு பற்றி மட்டும் சொல்றேன், பெண்களுக்கு அதிகம் சொதப்புவது அங்கேதான். கடைக்குப் போகும்போது ஃப்ளீஸ், பஞ்சு ஜாக்கெட், ஹெல்மெட், பை நாலையும் எடுத்துட்டுப் போங்க. எல்லாம் போட்டு, மேலே ஷெல்லை மாட்டி, பையின் இடுப்புப் பட்டையைப் பூட்டுங்க. இப்போ கையை மேலே தூக்குங்க. விளிம்பு பட்டைக்கு மேலே உருவிக்கிட்டு வந்தா அந்த ஜாக்கெட் வேண்டாம். அப்புறம் கம்பு ஊன்றுவது மாதிரி கையை முன்னால நீட்டுங்க, மணிக்கட்டு தெரியக் கூடாது. கடைசியா குந்தி உட்காருங்க.

உங்க உடல்வாகுக்கு முன் ஜிப் ரெண்டு ஓட்டத்தோட இருக்கணும். கீழிருந்து ஒரு சாண் திறந்துவிட்டா இடுப்பில் இடம் கிடைச்சிடும். அப்படி ஸ்மாலே போதலாம். பஞ்சு ஜாக்கெட்டோட நெஞ்சில் இறுக்கினா மட்டும் மீடியம் எடுங்க. கை நீளத்தை வெல்க்ரோ பிடிச்சுக்கும். டெய்லர்கிட்ட கையை வெட்டக் கொடுத்துடாதீங்க. தையல் மேல ஒட்டியிருக்கும் டேப் போயிட்டா தண்ணி இறங்கும்.

ஜாக்கெட்டின் தொப்பியை ஹெல்மெட் மேல போட்டு, ஜிப்பை மேல வரை ஏத்தி, தலையைத் திருப்புங்க. தொப்பி தலையோட சேர்ந்து திரும்பணும். கண்ணை மறைச்சா வேண்டாம்.

பை பட்டை மூடும் இடத்துல பாக்கெட் இருந்து பிரயோஜனமில்லை, மேலே நெஞ்சுப் பக்கம் வேணும். பல பெண்கள் மாடல்களில் அதை நெஞ்சு மேலேயே வெச்சுடறாங்க, ஏதாவது போட்டா புடைச்சுக்கிட்டு நிக்கும். பொருள் போட்டே பாருங்க. உள்ளே பெரிய வலைப் பை இருந்தா நல்லது, கழற்றிய ஸ்கின்னை அதில் வெச்சா உடம்புச் சூட்டில் பசை உறையாது. லிஃப்ட் பாஸுக்கு இடது கையில் சின்ன பாக்கெட். பவுடர் ஸ்கர்ட் (பனி உள்ளே வராம இடுப்பில் இறுக்கும் உள்பட்டை) கழற்றும்படி இருக்கட்டும், நெஞ்சு வரை வரும் பிப் பேன்ட் போடறவங்களுக்கு அது வீண் கனம். அதன் பட்டன்கள் பெரும்பாலும் அதே கம்பெனி பேன்ட்டோடதான் சேரும். பிப் வாங்கினா பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து பின்பக்கத்தை இறக்கும் மாடலா பாருங்க. ஷெல்லைக் கழற்றாம பனியில் ஒதுங்க முடியணும்.

டிரான்ஸீவரை (பனிச்சரிவில் புதைஞ்சவங்களைக் கண்டுபிடிக்கும் சிக்னல் கருவி) ஷெல் பாக்கெட்டில் வைக்கவே வைக்காதீங்க. ஷெல் கழற்றும் துணி, அதோட சேர்ந்து டிரான்ஸீவரும் பைக்குள்ள போயிடும். உடம்போட பட்டை கட்டி, மேல துணி வரணும். ஃபோன் அதிலிருந்து 20 செ.மீ. தள்ளி, தேடும்போது 50 செ.மீ. ஜாக்கெட்டில் ரெக்கோ (மீட்புக் குழுவின் கருவிக்கு சிக்னலைத் திருப்பி அனுப்பும் சின்னத் தகடு) இருக்குன்னு லேபிள் பார்த்து ஏமாந்துடாதீங்க. அது மீட்புக் குழு வந்த பிறகுதான் உதவும். பக்கத்தில் இருக்கும் தோழி உங்களைத் தோண்டி எடுக்க டிரான்ஸீவர்தான் வேணும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இன்னொன்று: பி.எஃப்.ஏ.எஸ். (நீரைத் தள்ள வெளித்துணிப் பூச்சில் சேர்க்கும் ஃப்ளோரின் ரசாயனங்கள்) இல்லாத புதிய ஜாக்கெட்டுகள் சீக்கிரம் நனைகின்றன என்கிறார்கள். உண்மையா?

பதில் 3

பாதி உண்மை. புதிய பூச்சு தண்ணீரை உருட்டிவிடும், எண்ணெயைத் தள்ளாது. சன்ஸ்கிரீன், கழுத்து வியர்வை, நம் வீட்டுப் பெண்கள் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் எல்லாம் காலரிலும் தொப்பியிலும் படிந்து, அந்த இடம் முதலில் ஈரம் குடிக்கும். மெம்பரேன் ஓட்டையாகிவிட்டது என்று அர்த்தமில்லை. வெளித்துணி நனைந்ததால் ஆவி அடைபட்டு, உங்கள் வியர்வையே உள்ளே குளிர்ந்து நிற்கிறது. அழுக்கு அப்படியே கிடந்தால்தான் நாளடைவில் அடுக்குகள் பிரிந்து குமிழ் விடும். அதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

ஆகவே சீசனில் இரண்டு மூன்று முறையாவது துவையுங்கள். எல்லா ஜிப்பும் மூடி, 40 டிகிரி, திரவ சோப்பு கொஞ்சம், கம்ஃபர்ட் மாதிரி மிருதுவாக்கி எதுவும் கூடாது, இரண்டு முறை அலசல், மெதுவான சுழற்சி. காய்ந்த பிறகு டிரையரில் மிதமான சூட்டில் 20 நிமிடம். இந்தச் சூடுதான் பூச்சை மறுபடி எழுப்புகிறது, பலர் விட்டுவிடுவது இதைத்தான். டிரையர் இல்லையென்றால் மேலே துணி விரித்து, நீராவி இல்லாமல், குறைந்த சூட்டில் இஸ்திரி.

பிறகு தோளில் தண்ணீர் தெளியுங்கள். முத்தாக உருண்டு ஓடினால் நன்று. கறையாகப் பரவினால் ஸ்பிரே பூச்சு வாங்கி, துவைத்த ஈரத்தோடு வெளிப்பக்கம் மட்டும் அடியுங்கள். மெஷினில் ஊற்றும் வகை உள்பக்கத்திலும் படியும்.

ஸ்கீ விளிம்பில் கிழிந்தால் ஊசி நூல் எடுக்காதீர்கள், ஒவ்வொரு தையலும் ஒரு ஓட்டை. ஸ்பிரிட்டில் துடைத்து, ஒட்டும் துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டி, கிழிசலைச் சுற்றி ஒரு விரல் அகலம் கூடுதலாக விட்டு ஒட்டுங்கள். மூலை கூராக இருந்தால் பைப் பட்டை உரசி அங்கிருந்துதான் உரியும்.