பின்கட்டில் பெல்லட் அடுப்பு: காஸைவிடப் பாதுகாப்பா?

பாகான்வாசி:
பினாங்கு பட்டர்வொர்த்தில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு எங்களுடையது, பின்கட்டைச் சுவர் எழுப்பிக் கூரை போட்டு மூடிவிட்டோம். அம்மா வீட்டிலிருந்தே காதுகுத்து, திருமண விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறார். வியாபாரத்துக்கு மானிய காஸ் தோங் (சிலிண்டர்) பயன்படுத்துகிறார்களா என்ற சோதனைகள் 2025 மே மாதம் தொடங்கியதிலிருந்து எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்று வீட்டில் ஒரே பேச்சு. அதனால் அடியில் சின்னக் காற்றாடி வைத்த மரப் பெல்லட் (மரத்தூளை இறுக்கிச் செய்த சின்னக் குச்சித் துண்டுகள்) அடுப்பு வாங்கலாம் என்றிருக்கிறோம். புகை இல்லை, கசிவு இல்லை, வெடிக்காது. காஸைவிட இதுதான் பாதுகாப்பு என்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

அடுப்படி அக்கா:
தம்பி, மூடிய பின்கட்டில் வேண்டவே வேண்டாம். காஸ் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும், அதற்காகத்தானே நாற்றம் கலந்து அடைக்கிறார்கள். மரம் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல். அனல் பக்கத்தில் நின்ற அசதி என்று நினைத்து அம்மா அங்கேயே உட்கார்ந்துவிடுவார். எனக்குப் பயம் அதில்தான்.

பாகான்வாசி:
விறகு அடுப்போடு சேர்த்துப் பேசுகிறீர்கள் அக்கா. கடையில் பற்றவைத்துக் காட்டினார்கள், சட்டி அடியில் கரிகூடப் பிடிக்கவில்லை. அப்புறம், நம் பாட்டிமார் எல்லாம் காலமெல்லாம் விறகில்தானே சமைத்தார்கள்?

அடுப்படி அக்கா:
பாட்டி சமைத்தது எஸ்டேட் லயத்தில். பலகைச் சுவர், இடுக்கெல்லாம் காற்று. உங்கள் பின்கட்டு செங்கல்லும் கண்ணாடியும். அந்தக் காலத்துப் பெண்கள் இருமிக்கொண்டே சமைத்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

பிறைக்காரன்:
இருவர் சொல்வதிலும் பாதி சரி. எரிந்துகொண்டிருக்கும்போது அந்த அடுப்பு உண்மையிலேயே சுத்தம்தான். மேலே பற்றவைத்தால் சூட்டில் பெல்லட்டிலிருந்து வாயு கிளம்பும், மேல் வளையத்து ஓட்டைகள் வழியாக வரும் காற்றில் அது எரியும், புகையாக வேண்டியது சுடராகிவிடும். கடையில் காட்டுவது இந்தக் கட்டத்தை மட்டும். சுடர் அடங்கிய பிறகு அடியில் கரி கனன்றுகொண்டிருக்குமே, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் கார்பன் மோனாக்சைடு அதிகம் வருவது அப்போதுதான். சமையல் முடிந்தது, அடுப்பு ஆறட்டும் என்று கதவைச் சாத்துகிற நேரமும் அதுவே. மின்சாரம் போய்க் காற்றாடி நின்றால் வெள்ளைப் புகை கொட்டும். நடுவில் புதுப் பெல்லட் கொட்டி நெருப்பை மூச்சுமுட்ட வைத்தாலும் அதே கதை, தேங்கிய புகை சட்டென்று பற்றினால் முகத்தில் அடிக்கும். வெடிக்காது என்று அடித்துச் சொல்லாதீர்கள்.

பாகான்வாசி:
சரி, ஜன்னலைத் திறந்து வைக்கிறோம், காற்றாடிக்குப் பவர் பேங்க் போடுகிறோம். அப்புறம் என்ன பிரச்சினை? நம் நாட்டிலேயே பெல்லட் செய்கிறார்கள், ஜப்பானுக்கு ஏற்றுமதி ஆகிறது, எரிபொருளுக்குப் பஞ்சமில்லை.

பிறைக்காரன்:
பினாங்கு ஈரக்காற்றுதான் அடுத்த பிரச்சினை. நல்ல பெல்லட்டில் ஈரம் நூற்றுக்குப் பத்துக்குக் கீழ் இருக்க வேண்டும். மூட்டையைப் பிரித்துச் சும்மா வைத்தால் ஈரம் ஏறி, விரலால் நசுக்கினாலே மரத்தூளாகக் கொட்டும். அந்தத் தூள் அடுப்பின் அடித் தட்டு ஓட்டைகளை அடைக்கும், காற்று ஏறாது, புகையும். மூடி இறுகிய வாளியில் வையுங்கள். செம்பனைக் குலைச் சக்கையில் செய்த பெல்லட் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் அதிகம், சாம்பல் உருகிக் கண்ணாடிக் கட்டி மாதிரி தட்டில் ஒட்டிக்கொள்ளும், ஆணியால் குத்தித்தான் எடுக்க வேண்டும். சுத்தமான மரப் பெல்லட்தான் இந்த அடுப்புக்கு.

ஆயர்ஈத்தாம்:
பூனை மணலுக்கு விற்கும் பைன் பெல்லட்டை எரிக்கலாமா? பெட் ஷாப்பில் சுலபமாகக் கிடைக்கிறதே.

பிறைக்காரன்:
எதுவும் கலக்காத மரம் என்று பையில் எழுதியிருந்தால் எரியும். வாசனை சேர்த்தது சமையலுக்கு அறவே வேண்டாம்.

ஆயர்ஈத்தாம்:
எனக்குக் கணக்கே உதைக்கிறது. ஒரு கிலோ காஸின் சூட்டுக்குச் சுமார் இரண்டே முக்கால் கிலோ பெல்லட் வேண்டும். 14 கிலோ தோங்குக்கு ஈடாக 38 கிலோ வருகிறது. வீட்டுக்கு மானிய விலையில் அந்தத் தோங் 26 ரிங்கிட் 60 சென். பெல்லட் கிலோ 70 சென்னுக்கு மேல் போனால் வீட்டுச் சமையலுக்கு நஷ்டம்தான். மானியமில்லாத தோங் வாங்குகிறவருக்கு வேண்டுமானால் கட்டுப்படியாகலாம்.

பாகான்வாசி:
நாங்கள் யோசிப்பதே வியாபாரச் சமையலுக்குத்தான். கட்டுப்படியாகும் என்றே இப்போதும் நினைக்கிறேன். அம்மாவிடம் பேசினேன், அடுப்பைப் பின்கட்டில் வைக்காமல் கார் நிறுத்துகிற முன்வாசலில் வைக்கலாம் என்கிறார், மூன்று பக்கமும் திறப்பு.

அடுப்படி அக்கா:
கார் பக்கத்திலா? காரை வெளியே எடுத்துவிட்டுச் சமைக்கச் சொல்லுங்கள். சாம்பலைப் பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டவும் விடாதீர்கள், உள்ளே கங்கு மறுநாள்வரைக்கும் இருக்கும். இரும்பு வாளி, இரும்பு மூடி, சிமெண்டுத் தரை. மழை பெய்தால் அடுப்பை உள்ளே இழுக்கத் தோன்றும், அதற்கு மட்டும் நான் ஒப்பவே மாட்டேன். மழை நாளில் காஸிலேயே சமைக்கட்டும்.

பாகான்வாசி:
மழைக்குக் காஸ் என்றால் இரண்டு செலவு ஆகும் அக்கா. சரி, உள்ளே இழுக்க மாட்டோம். வாளி இன்றைக்கே வாங்குகிறேன்.