91 தப்பித்த கதை

குழு: எம்.சி. ரோடு குடும்பம்

புதன்கிழமை

[இரவு 7:38] நான்: (படம்) டீச்சர் அத்தை, இருக்கிறீர்களா? பையனுடைய கணக்கு டெஸ்ட் பேப்பர். பத்துக்கு நாலு. வெள்ளிக்கிழமை இதே பாடத்தில் பெரிய டெஸ்ட் இருக்கிறது. ஆறாம் வகுப்பு, பகா எண், வகுபடும் தன்மை எல்லாம்.

[7:39] கொருக்குப்பேட்டை சித்தி: அந்தச் சிவப்பு மையைப் பார்த்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது

[7:40] காசிமேடு மாமா: நாலு எடுத்தானா? நம் பரம்பரைக்கு அதுவே அதிகம் பாப்பா

[7:46] டீச்சர் அத்தை: கண்ணாடி தேடினேன், அதான் லேட். மற்றதெல்லாம் கவனக்குறைவு, விடு. மூன்று தப்பு முக்கியம். 1 பகா எண் என்று எழுதியிருக்கிறான். 91 பகா எண் என்று எழுதியிருக்கிறான். 34 ஏழால் வகுபடும் என்று எழுதியிருக்கிறான். இந்த மூன்றாவது எனக்குப் பிடித்த தப்பு.

[7:47] நான்: பிடித்த தப்பா?

[7:47] டீச்சர் அத்தை: ஏன் அப்படி எழுதினான் என்று கேட்டாயா?

[7:52] நான்: இப்போதுதான் கேட்டேன். "3+4=7, ஏழு ஏழால் வகுபடும்தானே" என்கிறான்.

[7:55] டீச்சர் அத்தை: பார்த்தாயா! மூன்றால் வகுபடுமா என்று பார்க்க இலக்கங்களைக் கூட்டச் சொல்லியிருப்பார்கள். ஏன் கூட்டுகிறோம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். இவன் அதையே ஏழுக்கும் நீட்டிவிட்டான். யோசிக்கிற பிள்ளைதான் இந்தத் தப்பைச் செய்யும். மனப்பாடப் பிள்ளை செய்யாது. அவனைத் திட்டினாயா?

[7:55] நான்: கொஞ்சம்

[7:56] டீச்சர் அத்தை: சரி, போகட்டும். வீட்டில் ரூபாய் இருக்கிறதா? 471 எடுத்து மேஜையில் வைக்கச் சொல்.

[7:58] நான்: நூறு ரூபாய்த் தாள் இரண்டுதான் இருக்கிறது. மாசக் கடைசி அத்தை.

[7:58] காசிமேடு மாமா: 😂

[8:03] டீச்சர் அத்தை: அப்போது 271 வை. இரண்டு நூறு, ஏழு பத்து, ஒரு ரூபாய். அவன், தங்கச்சி, நீ, மூன்று பேருக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். முதலில் ஒரு நூறு மட்டும். ஆளுக்கு 33 போனால் மிச்சம் எவ்வளவு? ஒன்று. இன்னொரு நூறுக்கும் மிச்சம் ஒன்று. அடுத்து பத்து ரூபாய்த் தாள். ஆளுக்கு மூன்று போனால் அதிலும் மிச்சம் ஒன்று. ஏழு தாளுக்கு ஏழு மிச்சம். ஆகக் கடைசியில் கையில் நிற்பது 2, 7, அந்த ஒரு ரூபாய். அதாவது 2+7+1. இலக்கங்களைக் கூட்டுவது என்று நாம் சொல்வது இந்த மிச்சச் சில்லறையைத்தான்.

[8:04] எண்ணூர் தம்பி: அடப்பாவி. எனக்கு முப்பத்தி நாலு வயசு. இது இன்றைக்குத்தான் தெரியும்.

[8:11] நான்: பிரித்தான். 10 ரூபாய் மிச்சம், அதில் இன்னும் ஆளுக்கு மூன்று. மொத்தம் ஆளுக்கு 90. கடைசியில் ஒரு ரூபாய் மிஞ்சியது. அந்த ஒரு ரூபாய்க்கு இப்போது அண்ணன் தங்கச்சி சண்டை.

[8:13] டீச்சர் அத்தை: சண்டை முடிந்ததும் ஏழு பேருக்கு ஒரு பத்து ரூபாயைப் பிரிக்கச் சொல். ஆளுக்கு ஒன்று, மிச்சம் மூன்று. ஒன்று இல்லை, மூன்று! அதனால் 34-ல் இருக்கிற மூன்று பத்தும் 9 மிச்சம் வைக்கும். கூட 4. மொத்தம் 13. அதில் ஒரு ஏழு போனால் 6 நிற்கும். வகுபடாது. பத்து ரூபாய் மிச்சம் ஒன்று வைக்கிற இடத்தில் மட்டும்தான் சும்மா கூட்டலாம். மூன்றுக்கும் ஒன்பதுக்கும் மட்டும் அந்தச் சலுகை.

[8:15] எண்ணூர் தம்பி: அத்தை, ஏழுக்கும் ஒரு ட்ரிக் உண்டே. கடைசி இலக்கத்தை இரட்டித்து மீதியில் கழிக்க வேண்டும். 91 என்றால் 9-ல் 2 போக 7. வகுபடும்.

[8:17] டீச்சர் அத்தை: சரிதான். ஆனால் ஆறாம் வகுப்பில் நான் அதைச் சொல்லித் தந்ததில்லை. காரணம் தெரியாத விதி இன்னொன்று எதற்கு? 91-ல் 70-ஐ எடு, 21 நிற்கும். முடிந்தது.

[8:19] கொருக்குப்பேட்டை சித்தி: ஞாயிற்றுக்கிழமை யார் யார் வருகிறீர்கள்? ஒரு தலைக் கணக்கு வேண்டும். இந்தக் கணக்கையும் யாராவது பாருங்கள்

[8:26] காசிமேடு மாமா: டீச்சர், நான் ஒன்று கேட்கலாமா. நம்ம கடையில் சங்கராவைக் கூறு கட்டி வைப்போம். 36 மீன் வந்தால் கவலையே இல்லை. நாலு கூறு, ஆறு கூறு, ஒன்பது கூறு, எப்படியும் கட்டலாம். 37 வந்தால் எப்படிக் கட்டினாலும் ஒன்று மிஞ்சும், இல்லையென்றால் ஒரு கூறு குறையும். மிஞ்சியதைப் பூனைக்குப் போடுவேன். இதுதான் அந்தப் பகா எண்ணா?

[8:28] டீச்சர் அத்தை: முப்பது வருஷம் பாடம் எடுத்தேன், இப்படி ஒரு உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. அதேதான்! பகா என்றால் பகுக்க முடியாதது. பகுதி, பகிர்வு எல்லாம் அதே பகுதான். தமிழில் படிக்கிற பிள்ளைக்குப் பெயரிலேயே பாடம் இருக்கிறது. இவன் பிரைம், பிரைம் என்று சொல்லிக்கொண்டிருந்தால் அதில் என்ன தெரியும்?

[8:29] காசிமேடு மாமா: ஆனால் 37-ஐயும் விற்கலாம். 37 பேர் வந்து ஆளுக்கு ஒன்று வாங்கினால் சரி. இல்லை, ஓட்டல்காரர் ஒருத்தரே மொத்தமாக எடுத்தால் சரி. இரண்டே வழி.

[8:31] டீச்சர் அத்தை: அந்த இரண்டு வழிதான் இரண்டு காரணிகள், 1-உம் 37-உம். இப்போது பையனைக் கூப்பிடு. ஒரே ஒரு மீன் இருந்தால் எத்தனை வழி?

[8:34] நான்: (இது நான் இல்லை, பையன் டைப் பண்றேன்) அத்தைப் பாட்டி, தனித்தனியா வித்தாலும் மொத்தமா வித்தாலும் ஒரே மீன்தானே. ஒரே வழி. ஆனா எங்க மிஸ், ஒன்றாலும் தன்னாலும் மட்டும் வகுபடுறது பகா எண்னு சொன்னாங்க. 1 அப்படித்தானே இருக்கு?

[8:38] டீச்சர் அத்தை: நல்ல கேள்வி கண்ணு. அந்த வாக்கியத்தில் ஓட்டை இருக்கிறது, 1 அதன் வழியாக உள்ளே நுழைந்துவிடும். "சரியாக இரண்டே காரணிகள் உள்ள எண்" என்று எழுதிக்கொள். 1-க்கு ஒரே காரணி, அது வெளியே. பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. 12-ஐப் பகா எண்களாக உடைத்தால் 2×2×3. வரிசையை மாற்றலாமே தவிர, வேறு விதமாக உடைக்க முடியாது. 1-ஐ உள்ளே விட்டால் 1×2×2×3, 1×1×2×2×3 என்று போய்க்கொண்டே இருக்கும், வாலுக்கு முடிவே இல்லை.

[8:39] நான்: (பையன்) சரி பாட்டி. அம்மா போன் கேக்கறாங்க

[8:45] டீச்சர் அத்தை: மாமா சொன்ன 36-க்கு வருகிறேன். அதற்கு ஒன்பது காரணிகள். அதைவிடச் சின்ன எண் எதற்கும் அத்தனை இல்லை. 12, 24, 36, 48, 60 எல்லாம் அந்த ரகம். ராமானுஜன் 1915-ல் லண்டனில் வெளியிட்ட நீளமான கட்டுரையே இந்த எண்களைப் பற்றித்தான். அவர் 1912 மார்ச்சில் வேலைக்குச் சேர்ந்தது எங்கே தெரியுமா? உங்கள் பக்கத்தில் இருக்கிற சென்னைத் துறைமுகத்தில், குமாஸ்தாவாக. மாதம் 30 ரூபாய்.

[8:46] காசிமேடு மாமா: ஹார்பரிலா! அப்போது நம்ம ஏரியா ஆள் டீச்சர்

[8:47] டீச்சர் அத்தை: ராயபுரத்தில் பி.கே. சீனிவாசன் தொடங்கிய ராமானுஜன் அருங்காட்சியகமும் இருக்கிறது. பேரனைக் கூட்டிக்கொண்டு போங்கள். பக்கத்திலேயே இருந்துகொண்டு ஒருத்தரும் போக மாட்டீர்கள்.

[8:48] கொருக்குப்பேட்டை சித்தி: ஞாயிறு????

வியாழக்கிழமை

[மாலை 5:20] டீச்சர் அத்தை: இன்று 91-க்கு ஒரு முடிவு கட்டுவோம். மொட்டை மாடியில் சாக்பீஸால் 1 முதல் 100 வரை எழுதச் சொல். எல்லோரும் வரிசைக்குப் பத்து போடுவார்கள். வேண்டாம், வரிசைக்கு ஆறு.

[5:21] நான்: ஏன் ஆறு?

[5:21] டீச்சர் அத்தை: எழுதி முடித்ததும் 2-ஐ விட்டுவிட்டு அதன் மடங்குகளை எல்லாம் அடிக்கட்டும், பிறகு 3-க்கும் அப்படியே. ஏன் ஆறு என்று அவனே சொல்வான்.

[5:52] நான்: (படம்) 17 வரிசை வந்தது. தண்ணீர் லாரி சத்தம் கேட்டுக் குடத்தோடு கீழே ஓடினேன், திரும்பி வருவதற்குள் இரண்டின் மடங்குகளை அடித்துவிட்டான். 2, 4, 6 பத்திகள் நேர்க்கோடாகப் போய்விட்டன, மேலே 2 மட்டும் மிச்சம்.

[5:58] நான்: மூன்றையும் அடித்தான். மூன்றாம் பத்தியில் 3 தவிர எல்லாம் காலி. "அம்மா, ஒன்றாவது பத்தியும் ஐந்தாவது பத்தியும்தான் இருக்கு, பகா எண் எல்லாம் அங்கேதான் ஒளிஞ்சிருக்கு" என்று கத்துகிறான். பக்கத்து மாடி அக்கா எட்டிப் பார்க்கிறார்.

[6:00] டீச்சர் அத்தை: அதற்குத்தான் ஆறு. இப்போது ஐந்தை அடி. பிறகு ஏழு. ஏழோடு நிறுத்து.

[6:04] எண்ணூர் தம்பி: ஏன் ஏழோடு?

[6:06] டீச்சர் அத்தை: அடுத்த பகா எண் 11. 11×11 எடுத்தால் 121, பட்டியலைத் தாண்டிவிடும். அதற்குக் கீழே இருக்கிற 11-இன் மடங்கு எதுவானாலும் அதில் ஒரு சின்னக் காரணி இருக்கும், அது ஏற்கெனவே அடித்திருக்கும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே எரடோஸ்தெனிஸ் என்ற கிரேக்கர் சொன்ன சல்லடை இது.

[6:15] நான்: அத்தை!! ஏழுக்கு வரும்போது அடிக்க மூன்றே எண்தான் மிச்சம் இருந்தன. 49, 77, 91.

[6:17] டீச்சர் அத்தை: அதுதான் விஷயம். 49 வாய்ப்பாட்டில் வரும். 77-ஐப் பார்த்தாலே தெரியும். 91 மட்டும் ஒற்றைப்படை, ஐந்தில் முடியாது, இலக்கக் கூட்டல் 10, பத்துக்குள் நிற்கிற வாய்ப்பாட்டிலும் இல்லை. 7×13. நூறுக்குள் இப்படி முகமூடி போட்டுக்கொண்டு நிற்பது அது ஒன்றுதான். அவன் ஏமாந்ததில் வெட்கமே இல்லை.

[6:18] நான்: அடிக்காமல் நிற்பவை 25 என்று எண்ணிவிட்டான். 1-ஐ எண்ணவில்லை. நான் சொல்லவும் இல்லை.

[6:20] டீச்சர் அத்தை: நேற்றைய 271-ஐக் கேள். பகா எண்ணா? எதுவரை வகுத்துப் பார்க்க வேண்டும் என்று முதலில் சொல்லட்டும்.

[6:41] நான்: (பையன்) 13 வரைக்கும் போதும் பாட்டி, 17×17=289. 7-க்கு 5 மிச்சம், 11-க்கு 7 மிச்சம், 13-க்கு 11 மிச்சம். பகா எண்!! அதான் அந்த ஒரு ரூபாய்க்கு சண்டை வந்துச்சு

[6:42] டீச்சர் அத்தை: 👏 மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு எல்லாம் இருக்கிறதே, அது இதற்கப்புறம் தானாக வரும். சீக்கிரம் தூங்கச் சொல்.

வெள்ளிக்கிழமை

[காலை 5:12] காசிமேடு மாமா: பேரன் கிளம்பும்போது சொல்லு பாப்பா. இன்றைக்கு சங்கரா சரியாக 91 வந்தது. ஏழு ஏழாகப் பதிமூன்று கூறு கட்டிவிட்டேன். பூனைக்கு ஒன்றுமில்லை.

[6:05] நான்: மாமா, நிஜமாகவா?

[6:09] காசிமேடு மாமா: 92 வந்தது. ஒன்றை வீட்டுக்கு எடுத்து வைத்துவிட்டேன்.

[6:10] கொருக்குப்பேட்டை சித்தி: ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை பேர் என்று இன்னும் ஒருத்தரும் சொல்லவில்லை