குடிநோய்ச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பி 40 நாள் ஆன தம்பி. தடைக்காலத்தில் அவனுக்கு எப்படித் துணை நிற்பது?

குளச்சல் அக்கா கேட்டது:

என் தம்பிக்கு 34 வயது. விசைப்படகில், பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடல் தொழிலுக்குச் செல்கிறவன். 15 ஆண்டுகள் குடித்தவன், ஒரு மறுவாழ்வு மையத்தில் 30 நாள் தங்கிச் சிகிச்சை பெற்று வீடு திரும்பி இன்றோடு 40 நாள் ஆகிறது. இதுவரை ஒரு சொட்டும் தொடவில்லை. ஆனால் எங்கள் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வரவிருக்கிறது. படகுகள் கட்டிக் கிடக்கும், ஆண்கள் எல்லோரும் கரையிலேயே இருப்பார்கள் என்பதை நினைத்தாலே எனக்கு உறக்கம் வரவில்லை.

நேற்று மாலை அவன் திண்ணையில் உட்கார்ந்து வலையின் கிழிசலை முடிந்துகொண்டிருந்தான். தெருமுனையில் ஒரு பைக்கின் ஹாரன் இரண்டு முறை ஒலித்தது. அவனுடைய கூட்டாளிகள் அவனைக் கூப்பிடுகிற வழக்கம் அதுதான். ஊசி பிடித்த கை அப்படியே நின்றது. பைக் போகும்வரை அவன் தலை நிமிரவில்லை. பிறகு, சரியாகப் போட்டிருந்த முடிச்சையே அவிழ்த்து மறுபடியும் போட்டான்.

வீட்டில் அம்மா அவன் சட்டைப்பையைத் துழாவுகிறார், அவன் மனைவி வாயை முகர்ந்து பார்க்கிறாள். மாதா சுருபத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொல்கிறார் மாமா. பங்கைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் எழுந்து, குடியை விட்டதைச் சாட்சியாகச் சொல்லும்படியும் அவனைக் கேட்கிறார்கள். தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்க ஒரு பொடி இருக்கிறது என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. எல்லோரும் அன்பினால்தான் செய்கிறார்கள் என்றாலும், இவற்றில் எது அவனுக்கு உதவி, எது பாரம் என்று எனக்குப் புரியவில்லை.

மார்த்தாண்டத்துக்காரர் பதில்:

சகோதரி, நான் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. குடியை விட்டு 11 ஆண்டுகள் ஆகின்றன. விடியுமுன் வெட்டுக்குப் போய், உறையூற்றி ஷீட் அடித்து, பத்து மணிக்குள் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு இருந்த நீண்ட வெறும் பகல்தான் என்னைக் கெடுத்தது. சம்பளத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டு, மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டி உறைந்திருக்கும் ஒட்டுப்பாலை ரகசியமாக விற்றுக் குடித்தவன் நான். ஆகவே உங்கள் தம்பிக்குத் தடைக்காலம் எப்படிப்பட்டது என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

நான் சத்தியம் பலமுறை செய்தேன். சத்தியம் முறிந்த அன்று, குடித்த குற்றத்தோடு தெய்வத்தை ஏமாற்றிய குற்றமும் சேர்ந்துகொள்ள, அதை மறக்க இன்னும் அதிகமாகக் குடித்தேன். என்னைக் காத்தது, குடிநோயாளிகளே ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம். அங்கே கட்டணம் கிடையாது; குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே போதும். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிட மாட்டார்கள், அறிவுரை சொல்ல மாட்டார்கள். முதல் நாள், என்னுடையதைப் போன்ற ஒட்டுப்பால் கதையை ஒரு பெரியவர் அவருடைய கதையாகச் சொல்லக் கேட்டு, நான் தலையைக் குனிந்துகொண்டு அழுதேன்.

அந்த இயக்கம் தொடங்கிய விதத்தையும் சொல்ல வேண்டும். 1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்கு வியாபார விஷயமாக வந்த பில் வில்சன், குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவர், வந்த காரியம் கெட்டுப்போய் விடுதியில் தனியாக நின்றபோது மதுக்கூடத்தின் பக்கம் கால் இழுத்தது. அவர் தொலைபேசியை எடுத்து ஊர்ப் போதகர்களை அழைத்து, தாம் பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர்தான் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். ஸ்மித் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஆம் தேதியைத்தான் இயக்கத்தின் தொடக்க நாளாகக் கொள்கிறார்கள். மற்றவனுக்குக் கை கொடுக்கப் போனவரே அதனால் பிழைத்தார் என்பதை நான் என் வாழ்க்கையிலும் கண்டிருக்கிறேன்.

சாட்சி சொல்லும் விஷயத்தில் அவசரம் வேண்டாம். 40 நாளில் ஊரார் முன்னால் நிறுத்தினால், நாளை ஒரு தடுமாற்றம் வந்தாலும் அதை மறைக்கத்தான் தோன்றும். ஹாரன் கேட்கும் வேளையில் அவன் கூப்பிடுவதற்கு, அதே வழியில் நடந்து வந்த ஒரே ஒருவரின் எண் அவன் போனில் இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற செவிலியர், நாகர்கோவில்:

பொடியை மட்டும் தயவுசெய்து வீட்டுக்குள் விடாதீர்கள். அப்படிக் கொடுக்கப்படுபவற்றில் சில நேரம் டைசல்பிரம் இருக்கும். அது உடலில் இருக்கும்போது மது உள்ளே போனால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய மருந்து அது.

இன்னொன்றையும் குடும்பத்தார் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். ஒருவேளை அவர் மீண்டும் பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டால், வீட்டில் அடைத்துவைத்துத் திடீரென்று நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனக்குழப்பமும் இல்லாததைக் காணும் நிலையும் வரலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆலோசனைக்கு 14446 என்ற தேசிய இலவச எண் இருக்கிறது.

கூட்டம் என்பது வெறும் ஆறுதல் பேச்சு என்று நானும் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் எடுத்துக்கொண்டு, இத்தகைய கூட்டங்களில் முறையாகச் சேர்த்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்றச் சிகிச்சைகளைவிடச் சிறந்த பலன் தருவதாகக் காட்டியது. ஆயினும் மருத்துவர் கொடுத்த மாத்திரை இருந்தால் அதை நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்கு மட்டும் போவது சரியல்ல.

முட்டம், ஒரு மீனவர் மனைவி:

அக்கா, தம்பி மனைவியிடம் பேசுங்கள். நானும் வாயை முகர்ந்தவள்தான். அவர் குடிக்காத நாளிலும் என் முகத்தில் சந்தேகத்தைக் கண்டு, "எப்படியும் நம்பப் போவதில்லை" என்று சொல்லிப் போய்க் குடித்திருக்கிறார். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற கூட்டம் தனியாக உண்டு. கணவரின் குடிக்கு நான் காரணமல்ல, என் காவலால் அதை நிறுத்தவும் முடியாது என்பதை அங்கேதான் கற்றேன்.

தடைக்காலத்தில் என்ஜின் பழுது பார்ப்பதும் படகுக்குப் பெயின்ட் அடிப்பதும் கூட்டாளிகளோடுதான் நடக்கும். கூலி கையில் வந்ததும் கடைக்குப் போவதும் அவர்களோடுதான். என் கணவர் அந்த இரண்டு மாதம் வேறு கரையில், குடிக்காத ஒரு மாமாவின் வள்ளத்தில், அதாவது தடைக்குள் வராத நாட்டுப்படகில், தொழில் செய்தார். பங்கு குறைவுதான், ஆனால் மாலையில் பேச்சுக்கு ஆள் இருந்தது.

குளச்சல் அக்கா:

எல்லாவற்றையும் தம்பிக்கே வாசித்துக் காட்டினேன். ஒட்டுப்பால் கதையில் மட்டும் நிறுத்தச் சொல்லி, இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னான். சாட்சி இப்போது வேண்டாம் என்று பங்குத்தந்தையிடம் நானே சொல்லிவிட்டேன். அம்மாவும் சட்டைப்பையைத் தொடுவதில்லை என்று ஒத்துக்கொண்டார். ஞாயிறு மாலை கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். நான் உள்ளே வரக் கூடாதாம், வெளியே நிற்கலாமாம். மார்த்தாண்டத்து அண்ணன், உங்கள் கூட்டம் எந்த நேரத்தில் நடக்கிறது என்று எனக்குத் தனிச்செய்தியில் தெரிவிக்க முடியுமா?